நாற்பது ஏக்கரும் ஊர் சுற்றும் மானும்: சிறு நிலத்தில் மான் மேலாண்மைக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் காட்டு நிலம் வாங்கி விற்பவர்களுக்கு ‘ஒரு நாற்பது’ என்பது ஓர் அளவு. அரசு நிலத்தைச் சதுர மைல்களாக அளந்து விற்ற காலத்து வழக்கம் அது: ஒரு சதுர மைல் 640 ஏக்கர், அதன் கால்பங்கு 160, அதிலும் கால்பங்கு 40. வயது வந்த வெண்வால் ஆண்மான் ஒன்று ஓராண்டில் நடமாடும் பரப்பும் ஏறக்குறைய ஒரு சதுர மைல்தான். ஆகவே, நாற்பது ஏக்கர்க்காரர் தம் கேமராவில் பதிந்த படத்தைக் காட்டி ‘என் மான்’ என்று சொல்லும்போது, இன்னும் பதினைந்து பேர் அதே மானை அப்படியே சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். சட்டத்தின் கண்ணில் அது யாருடைய மானும் அன்று. காட்டு விலங்குகள் மக்களின் பொதுச்சொத்தாக மாநில அரசின் பொறுப்பில் இருக்கின்றன. நில உரிமையாளருக்கு உள்ளது, தம் நிலத்துக்குள் யாரை விடுவது என்ற உரிமையும், உரிமச் சீட்டு அனுமதிக்கும் மானைச் சுடும் உரிமையும் மட்டுமே.

இந்த எல்லைக்குள் நின்று அவர் செய்யக்கூடியவை என்று வேட்டைக்காரர்கள் பேசுபவை நான்கைந்து உண்டு. இளம் ஆண்மான்களைச் சுடாமல் விடுவது, பெட்டை மான்களைச் சுட்டுக் குறைப்பது, தீவனம் விளைவிப்பது அல்லது கொட்டுவது, காட்டையே திருத்துவது, வேலி போடுவது என அவற்றைச் சுருக்கலாம். இவற்றை ஒப்பிடுகையில் ‘எது பெரிய கொம்பைத் தரும்?’ என்பதே வழக்கமான கேள்வி. அதைவிட, எந்த வழி பக்கத்து நிலத்துக்காரரின் தயவில்லாமல் பலிக்கும் என்று கேட்பதே சிறு நிலத்துக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து.

முதலில், இளம் ஆண்மான்களை விட்டுவைக்கும் வழி. 1970களில் டெக்சஸில் உருப்பெற்ற இந்தச் சிந்தனை, 1988இல் தென் கரோலினாவில் தொடங்கப்பட்ட தரமான மான் மேலாண்மைச் சங்கத்தின் வழியாக நாடெங்கும் பரவியது. அதன் அடிப்படையில் பிழையில்லை. ஒன்றரை வயதில் ஆண்மானின் கொம்பு, அது பின்னால் அடையப்போகும் அளவில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஐந்து வயதுக்குப் பிறகுதான் முழு வளர்ச்சி. கொம்பைப் பார்க்காமல் உடம்பைப் பார்த்து வயதைக் கணிக்கும் பழக்கத்தையும் இந்த வழி வேட்டைக்காரர்களுக்குக் கற்றுத் தந்தது. கால்கள் நீண்டு, வயிறு ஒட்டி, கழுத்து மெலிந்து, பெட்டை மானுக்குக் கொம்பு வைத்ததுபோல் தெரிந்தால் அது ஒன்றரை வயது. சுட்ட பிறகு சரிபார்க்கக் கீழ்த்தாடையைத் திறந்து, கன்னப் பற்களில் முன்னிருந்து மூன்றாவதைப் பார்ப்பார்கள். அது மூன்று முகடுகளுடன் தேய்ந்த பால்பல்லாக இருந்தால் ஒன்றரை வயது. அந்தப் பல் விழுந்து, இரண்டு முகடுள்ள நிலைப்பல் முளைத்துத் தேயவும் தொடங்கியிருந்தால் இரண்டரையோ அதற்கு மேலோ. விரல் நுனியால் தடவியே சொல்லிவிடும் பழகிய கைகள் உண்டு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆண்குட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை ஏறக்குறைய ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் பிறந்த இடத்தை விட்டுச் சில மைல்கள் தள்ளிப்போய் வாழத் தொடங்குகின்றன. நீங்கள் இன்று விட்டுவைக்கும் இளமான், அடுத்த சனிக்கிழமை வேலிக்கு அப்பால் யாரோ ஒருவரின் குளிர்பெட்டிக்குள் போகலாம். உங்கள் பொறுமையின் பலன் முன்பின் தெரியாத ஒருவருக்குச் சேரும். இந்த வழி பலித்த இடங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பென்சில்வேனியா 2002இல், கொம்பின் ஒரு பக்கத்தில் மூன்று கிளையேனும் (மேற்குப் பகுதியில் நான்கு) இல்லாத ஆண்மானைச் சுடக்கூடாதென மாநில அளவில் விதித்தது; அதற்கு முன் சுடப்பட்ட ஆண்மான்களில் பெரும்பான்மை ஒன்றரை வயதுடையவை, பின்னர் பெரும்பான்மை அதைவிட மூத்தவை. அங்கே பலித்தது தனி ஒருவரின் கட்டுப்பாடு அன்று. அண்டை அயலார் அனைவரையும் சட்டம் ஒரே கயிற்றில் கட்டியது. அதே வேளையில், கிளையை எண்ணும் விதி முரட்டு அளவுகோல் என்பதும் தெரியவந்தது: மிசிசிப்பி 1995இல் நான்கு கிளை விதியைக் கொண்டுவந்தபோது, இளமான்களில் நன்றாக வளர்ந்தவை சுடப்பட்டு நலிந்தவை தப்பின, சில இடங்களில் மூத்த மான்களின் கொம்பு அளவே சுருங்கியது.

இதற்கு மேல் ஒரு நோயும் உண்டு. உருத்திரிந்த புரதத்தால் (பிரியான்) வந்து, உடலை நாளுக்கு நாள் உருக்கிக் கொல்லும் உருக்கி நோய் 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. 2002இல் விஸ்கான்சினின் தெற்கே, மவுண்ட் ஹொரெப் ஊர்ப்பக்கம் சுடப்பட்ட மான்களில் கண்டறியப்பட்டது. மருந்தில்லை, தொற்றிய மான் பிழைப்பதில்லை. நோய்க்கூறு மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். வயது வந்த ஆண்மான்களிடம் இது பெட்டைகளிடம் உள்ளதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது. நோய் பரவிய மாவட்டத்தில் ஆண்மான்களை முதுமைவரை விட்டுவைப்பது, கொம்பை மட்டுமல்லாமல் நோயையும் வளர்க்கும் வழியாகிவிடலாம். வட மாவட்டங்களில் இந்தக் கவலை குறைவு என்றாலும், அங்கும் நான் இந்த வழியை முதலிடத்தில் வைக்க மாட்டேன்.

பெட்டை மான்களைக் குறைக்கும் வழிக்கு வேட்டைக்காரர்களிடம் நெடுங்கால வெறுப்பு உண்டு; அதற்குக் காரணமும் உண்டு. 1900 வாக்கில் கட்டற்ற வேட்டையால் நாடு முழுவதும் சில லட்சம் மான்களே எஞ்சியிருந்தன. பெட்டையைத் தொடாதே என்ற விதிதான் அவற்றை மீட்க உதவியது. இன்று எண்ணிக்கை ஏறக்குறைய மூன்று கோடி. மீட்புக்காலத்து நல்லொழுக்கம் மிகுதிக்காலத்திலும் ஒட்டிக்கொண்டது. 1943இல் விஸ்கான்சினில் பெட்டைகளையும் சுட அனுமதித்தபோது, அதை ஆதரித்த வனவிலங்கு மேலாண்மை அறிஞர் ஆல்டோ லியோபோல்டு கடும் வசைக்கு ஆளானார். பின்னாளில், முதலில் ஒரு பெட்டையைச் சுட்டால்தான் ஆண்மானைச் சுடலாம் என்ற விதியை 1996இல் அதே மாநிலம் சில பகுதிகளில் கொண்டுவந்தது. எண்ணிக்கையைக் குறைப்பதில் அது வேலை செய்தது, ஆனாலும் வேட்டைக்காரர்களின் எதிர்ப்பால் 2011இல் நீக்கப்பட்டது.

ஆனால் சிறு நிலத்துக்கு ஏற்றது இந்த வழியே என்று எண்ணுகிறேன். ஆண்மான் வழிப்போக்கன்; பெட்டை ஊர்க்காரி. அவளுடைய நடமாட்டப் பரப்பு சிறியது. அவளுடைய பெண்குட்டிகளும் தாயின் இடத்தை ஒட்டியே தங்கள் இடத்தை அமைத்துக்கொள்ளும். நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் காடுகளில் இதைக் கண்ட ஆய்வாளர்கள், ரோஜாவின் இதழ்கள்மேல் இதழ்களாக அடுக்கப்பட்டிருப்பதற்கு இதை ஒப்பிட்டார்கள். ஓரிடத்துப் பெட்டைகளை எடுத்தால் அவ்விடம் சில ஆண்டுகள் தளர்வாக இருக்கும் என்பது அதன் உட்பொருள். மான்கள் நெருக்கமாக உள்ள ஊர்ப்புறங்களில் இந்தக் கணிப்பு எப்போதும் பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொரு வேடிக்கை: ஆண்குட்டியை வசந்தகாலத்தில் ஊரைவிட்டு விரட்டுவது பெரும்பாலும் அதன் தாய்தான். தாய் சுடப்பட்ட ஆண்குட்டிகள் பிறந்த இடத்திலேயே தங்குவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆக, முதல் வழிக்காரர் விரும்பும் பயனில் ஒரு பங்கு, அவர் தயங்கும் இரண்டாம் வழியிலேயே கிடைக்கிறது.

எத்தனை பெட்டைகள் என்ற கேள்விக்கு விடை கேமராவில் இல்லை, தரையில் இருக்கிறது. இடுப்பளவு உயர மேப்பிள் நாற்று ஒன்றின் கிளை நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். சாய்வாக, கத்தியால் சீவியதுபோல் வெட்டுப்பட்டிருந்தால் அது முயலின் வேலை. நுனி கிழிந்து, பட்டை நார்நாராகத் தொங்கினால் மான் கடித்தது; மானுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது, ஆகையால் அது கடித்துப் பிடித்து இழுத்துக் கிழிக்கிறது. ஐந்தடி உயரம்வரை தழையே இல்லாமல், அதற்கு மேல் மட்டும் பச்சை தொடங்கினால் நிலைமை முற்றிவிட்டது. பென்சில்வேனியாவின் வடமேற்கில், சதுர மைலுக்கு 10 முதல் 64 மான்கள்வரை வெவ்வேறு அடர்த்தியில் அடைத்துவைத்துப் பத்தாண்டுகள் கவனித்த ஆய்வில், ஏறக்குறைய இருபதைத் தாண்டியதும் நாற்றுகளும் இடைமட்டக் கிளைகளில் கூடு கட்டும் பறவைகளும் குறையத் தொடங்கின. அந்த இருபதை நாற்பது ஏக்கருக்கு வகுத்தால் கிடைப்பது ஒன்றேகால் மான். தம் நிலத்தில் மாலைதோறும் எட்டு மான்களைப் பார்த்து மகிழ்பவருக்கு இந்தக் கணக்கு கசக்கத்தான் செய்யும்.

தீவன வழியில் இரண்டு கிளைகள் உண்டு. மக்காச்சோளத்தைக் குவித்துக் கொட்டுவது ஒன்று. பல மான்களின் மூக்கும் எச்சிலும் ஒரே குவியலில் படுவதால் நோய் பரவ இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. உருக்கி நோய் கண்டறியப்பட்ட மாவட்டங்களில் விஸ்கான்சின் இதைத் தடுக்கும் சட்டம் வைத்திருப்பதில் வியப்பில்லை. இதை ஒப்பீட்டிலிருந்தே நீக்கிவிடலாம். மற்றது அரை ஏக்கர், ஓர் ஏக்கர் திருத்திக் குளோவர், சிக்கரி, குளிர்கால ரை முதலியவற்றை விதைப்பது. இது மானை வெளியே வரவழைத்துச் சுடுவதற்கு உதவும். பெட்டைகளைக் குறைக்க எண்ணுபவருக்கு அந்த உதவி சிறிதன்று. ஆனால் மான் ஒன்று நாளுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ தின்னும். அரை ஏக்கர்த் தீவனத்தால் கூட்டத்தின் உடல்நலம் உயரும் என்பது விதை விற்பவர் சொல்லும் கதை. மண்ணின் புளிப்பைக் கணக்கிடாமல், சுண்ணாம்பு இடாமல் விதைப்பவர்களுக்கு அதுவும் மிஞ்சாது.

அதே உழைப்பை ரம்பத்துக்குச் செலவிடுவது மேல். நிழல் மூடிய காட்டின் தரையில் மான் தின்பதற்கு அநேகமாக ஒன்றுமே இருக்காது. மதிப்பற்ற மரங்களை வெட்டி ஒளியை இறக்கினால் ஓரிரு கோடைகளில் முட்செடிகளும் நாற்றுகளும் பூண்டுகளும் பல மடங்கு பெருகும். ஆண்டுதோறும் விதைக்க வேண்டியதில்லை, ஒளிந்து படுக்க மறைவும் சேர்ந்தே கிடைக்கும். வெள்ளை ஓக் மரங்களை மட்டும் நிறுத்தி அவற்றைச் சுற்றி இடம் விட்டால், நல்ல ஆண்டுகளில் அவை உதிர்க்கும் கொட்டைகளுக்கு எந்தத் தீவனப் பாத்தியும் ஈடாகாது. ஆனால் பெட்டைகளைக் குறைக்காமல் காட்டை மட்டும் திறந்தால், முளைத்ததெல்லாம் இரண்டாம் ஆண்டே வாய்க்குள் போய்விடும். இவ்விரண்டையும் போட்டி வழிகளாக வைப்பதைவிட ஒரே வழியின் இரு கால்களாகக் கொள்வது சரி.

வேலியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எட்டடி வேலி நாற்பது ஏக்கர்க்காரரின் கைக்கு எட்டாத செலவு. அதற்குள் அடைக்கப்பட்டது காட்டு மான் என்ற நிலையையும் இழந்துவிடும். உயர்ந்த வேலிகளுக்குப் பெயர் போன டெக்சஸில் ஒரு விந்தை உண்டு: 1932இல் அங்கே கொண்டுபோன நம் ஊர்ப் புள்ளிமான், வேலியைத் தாண்டிப் பெருகி, அயல் விலங்கு என்பதால் தனியார் நிலத்தில் ஆண்டு முழுவதும் சுடப்படுகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் அதே மான்.

எஞ்சுவது அண்டை நிலத்தாரோடு கூட்டு. பெரிய நிலத்தாரும் உட்படப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஆயிரம் ஏக்கரைத் தாண்டினால் முதல் வழிக்கே உயிர் வந்துவிடும். கூட்டத்தின் கணக்கும் பொருளுள்ளதாகும். விஸ்கான்சின் 2014இல் தொடங்கிய மான் மேலாண்மை உதவித் திட்டம் இத்தகைய கூட்டுகளையும் சேர்த்துக்கொள்கிறது. உயிரியலாளரே நிலத்தைப் பார்த்து ஆலோசனை சொல்ல அதில் இடமுண்டு. இதன் பலவீனம் மனிதர்கள்தான். பதினைந்து பேரில் மூவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கூட்டு முறிந்துவிடாது, ஆனால் அந்த மூவரின் நிலம் நடுவில் இருந்தால் முறிந்துவிடும். ஆகவே, கூட்டை எதிர்பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டிராமல், பெட்டையையும் ரம்பத்தையும் இவ்வாண்டே தொடங்குவது நல்லது.

வடக்கே, பதினெட்டு அங்குலப் பனி கிடக்கும் நாட்களையும் பாரன்ஹீட் பூஜ்யத்துக்குக் கீழ் இறங்கும் நாட்களையும் எண்ணிக் குளிர்காலத்தின் கடுமையை மதிப்பிடும் பகுதிகளில், நான் சொல்லும் வரிசை மாறும். ஒரு கொடிய குளிர்காலமே பெட்டைகளையும் குட்டிகளையும் குறைத்துவிடுவதால், அடுத்த ஆண்டு துப்பாக்கியைத் தாழ்த்திவைக்க வேண்டியிருக்கும். எங்கே இருந்தாலும், ஐந்தடி உயரக் கம்பிவலையில் ஓர் ஆள் நீளத்துக்கு வளையம் செய்து, காட்டுக்குள் மூன்று நான்கு இடங்களில் நட்டுவைக்கச் செலவு மிகக் குறைவு. மூன்றாம் கோடையில் வளையத்துக்கு உள்ளே முட்டளவு நாற்றுகளும் வெளியே வெறும் சருகும் இருந்தால் அடுத்த நவம்பர் வேட்டைக்கு இன்னும் இரண்டு பெட்டைச் சீட்டு வாங்க வேண்டும். உள்ளும் புறமும் ஒன்றாக இருந்தால், வாங்கிய சீட்டே போதும்.