கிளார்ஜின் இன்சுலின் பேனா: பயன்படுத்துவோர் பார்வையில்

சர்க்கரை நோயுள்ள என் அம்மாவுக்கு, கலங்கலாக இருக்கும் என்.பி.எச். என்ற பழைய வகை இன்சுலினை நிறுத்திவிட்டு, பேனா வடிவ ஊசியில் வரும், நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினை மருத்துவர் எழுதிக் கொடுத்ததிலிருந்து, அதை வாங்கிப் பாதுகாத்து இரவுதோறும் அவருக்குப் போட்டுவிடுவது என் பொறுப்பாக இருக்கிறது.

இம்மருந்தின் சிறப்பு முழுவதும் புரதத்தை மாற்றியமைத்த விதத்தில்தான் இருக்கிறது. மனித இன்சுலின் என்ற புரதம், ஏ, பி என்ற இரு சங்கிலிகளாகக் கோத்த 51 அமினோ அமிலங்களால் ஆனது; அதில் ஏ சங்கிலியின் 21ஆம் இடத்திலிருந்த அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துவிட்டுக் கிளைசினை வைத்து, பி சங்கிலியின் முனையில் இரண்டு ஆர்ஜினின்களைச் சேர்த்திருக்கிறார்கள். இதனால், பேனாவுக்குள் பி.எச். 4 அளவிலான அமிலக் கரைசலில் தெளிவாகக் கரைந்திருக்கும் மருந்து, தோலுக்கடியில் அமிலத்தன்மை தணிந்ததும் நுண்ணிய படிவாக மாறி, அங்கிருந்து சிறிது சிறிதாக ஏறத்தாழ 24 மணி நேரம் இரத்தத்தில் கலக்கிறது. என்.பி.எச். இன்சுலினோ போட்ட சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், நடு இரவில் சர்க்கரையை இறக்கிவிடக்கூடியது. அம்மா வியர்த்து, கை நடுங்கி எழுந்த இரவுகள் இப்போது அரிதாகிவிட்டன. எனக்கு இந்த ஒன்றே போதும்.

பேனாவைக் கையாள்வதும் எளிது. புதிய ஊசியைப் பொருத்தி, 2 யூனிட் வைத்து அழுத்தி, முனையில் துளி வருகிறதா என்று பார்த்துவிட்டு, போட வேண்டிய அளவுக்குக் குமிழைத் திருப்ப வேண்டும்; போட்ட பிறகு பத்து எண்ணும் வரை ஊசியை எடுக்கக் கூடாது.

குறைகளும் உண்டு. அமிலக் கரைசல் என்பதால் சிலருக்குப் போடும் இடத்தில் எரிச்சல் இருக்கும். அதே காரணத்தால் வேறு இன்சுலினோடு கலக்கவும் கூடாது. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை இது கவனிக்காது. திறந்த பேனாவை 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைத்து 28 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பதால், 300 யூனிட் கொண்ட பேனாவில் நாளுக்கு 6 யூனிட் மட்டும் போடுபவருக்குக் கணிசமான மருந்து வீணாகும். சித்திரை வெயிலில் 30 டிகிரி என்பது நம் வீடுகளில் எளிதன்று. ஈர மணலிட்ட மண்பானைக்குள், ஈரம் படாத டப்பாவில் வைத்துச் சமாளிக்கிறேன்.

விலை என்.பி.எச். இன்சுலினைவிடக் கூடுதல்தான். ஆனாலும் கிளார்ஜினின் முதல் பிராண்டான லான்டஸ் ஒன்றையே நம்பியிருக்க வேண்டியதில்லை. பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் கிளார்ஜினை, லான்டஸுக்குப் பதிலாக மருந்துக்கடையிலேயே மாற்றிக் கொடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. இங்கே நாம் பிராண்டை மாற்றுவதானால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாற்றி, முதல் சில வாரங்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையைத் தினமும் குறித்து வைப்பது நல்லது.