பெர்கின்ஸ் பிரெய்லர்: ஐந்து கிலோ இரும்பும் ஒரு மோதிர விரலும்

பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துதான் பிரெய்ல். அதை அடிக்கிற மிஷின் இந்த பெர்கின்ஸ் பிரெய்லர். முதலில் எடை. 4.8 கிலோ. எழுதிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் பஸ் மாறி, அப்புறம் ஏரிக்கரையோரம் நடந்து பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தால் தோள்பட்டை சொல்லும். வட்டார வள மையத்தில் நான் சிறப்பாசிரியர். வாரத்துக்கு நாலு பள்ளி சுற்ற வேண்டும். கட்டைப்பையோடு ஏறிய என்னைப் பார்த்து ஒருநாள் கண்டக்டர், "என்னக்கா, தையல் மிஷினா? லக்கேஜ் போடணுமே" என்றார். எழுதுற மிஷின்ங்க என்றேன். "டைப்ரைட்டரா? இன்னும் அதெல்லாம் இருக்கா?" என்று சிரித்துவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னது பாதி சரி. பார்க்க டைப்ரைட்டர் மாதிரிதான், ஆனால் கட்டைகள் ஒன்பதே. பிரெய்லில் ஒரு கட்டத்துக்குள் ஆறு புள்ளிக்கு இடம்: இடது வரிசையில் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலது வரிசையில் 4, 5, 6. இவற்றில் எவை எழும்பியிருக்கின்றன என்பதை வைத்துத்தான் எழுத்து. மிஷினின் நடுவில் இடைவெளிக் கட்டை. அதற்கு இடது பக்கம் 1, 2, 3 புள்ளிகள், வலது பக்கம் 4, 5, 6. இடது கோடியில் அடுத்த வரிக்கு இறக்குவது, வலது கோடியில் ஒரு கட்டம் பின்னால் வருவது. ஓர் எழுத்துக்கு வேண்டிய புள்ளிகளை எல்லாம் சேர்த்து ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். வரிக்கு 42 கட்டம், தாளுக்கு 25 வரி. வரி முடியப் போகிறதென்றால் டிங் என்று மணி அடிக்கும். மை வேண்டாம், கரண்ட் வேண்டாம், சார்ஜ் வேண்டாம்.

247 எழுத்து என்பதெல்லாம் நமக்குத்தான். பிரெய்லில் உயிர்மெய்க்குத் தனி உருவம் கிடையாது. க போட்டுப் பக்கத்தில் ஒ போட்டால் கொ. கொம்பும் இல்லை, காலும் இல்லை. நாம் மெய்யின் தலையில் வைக்கிற புள்ளியை அவர்கள் எழுத்துக்கு முன்னாலேயே, 4ஆம் புள்ளியாக, வைத்துவிடுகிறார்கள். அம்மா என்றால் ஐந்து கட்டம், முடிந்தது. பிள்ளைகள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். தாமதமெல்லாம் விரலில்தான்.

குறிப்பாக மோதிர விரலில். 3ஆம் புள்ளி இடது மோதிர விரலுக்கு, 6 வலதுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த விரலில் வலுவே இருக்காது. இந்த மிஷினோ நன்றாக அழுத்தினால்தான் புள்ளியை எழுப்பும். என்னிடம் படிக்கும் நாலாம் வகுப்புச் சிறுமியை முதல் வாரம் 'மணி' என்று அடிக்கச் சொன்னேன். 'சளி' என்று விழுந்தது. ம என்பது 1, 3, 4. மூன்று விழாவிட்டால் ச. ண என்பது 3, 4, 5, 6. அதிலும் மூன்று போனால் ள. இ மட்டும் 2, 4 என்பதால் தப்பித்தது. அவளே தடவிப் பார்த்துவிட்டு, "மிஸ், எனக்கு சளி புடிச்சிருக்கு" என்று மூக்கை உறிஞ்சிக் காட்டினாள்.

நான் காசு கொடுத்து வாங்கியது அந்த 'அவளே தடவிப் பார்த்து' என்பதைத்தான். பிரெய்ல் ஸ்லேட் என்பது தாளைக் கவ்விப் பிடிக்கும், கட்டம் கட்டமான சட்டம். அதில் ஊசியால் குத்தினால் புள்ளி தாளின் மறுபக்கம் எழும்பும். அதனால் வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டிக் குத்த வேண்டும். எழுதியது என்ன என்று பார்க்க, தாளைக் கழற்றித் திருப்ப வேண்டும். அதற்குள் பிள்ளைக்குத் தான் என்ன நினைத்துக் குத்தினோம் என்பதே மறந்திருக்கும். இந்த மிஷின் அடியிலிருந்து மேலே குத்துகிறது. அடித்த எழுத்து அடித்த இடத்திலேயே, நேராக, விரலுக்குக் கிடைக்கிறது.

பெற்றோர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "போன்தான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டுதே மிஸ், இது எதுக்கு?" நியாயமான கேள்வி. நானும் போனை வேண்டாம் என்று சொல்வதில்லை. கதை கேட்க, பாடம் கேட்க அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இதே சிறுமி 'நான்' என்பதை ன, ஆ, ன் என்று அடித்து வைத்திருந்தாள். முதல் எழுத்து வேறம்மா என்றேன். "ரெண்டும் ஒரே சத்தம்தானே மிஸ்?" என்றாள். காதுக்கு ஒரே சத்தம்தான். நாலு வருஷமாகக் காதால் மட்டுமே படித்த பிள்ளைக்கு ந என்றும் ன என்றும் இரண்டு இருப்பது எப்படித் தெரியும்? ந அடித்துக் காட்டினேன், நாலு புள்ளி. ன வெறும் இரண்டு, அதுவும் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு. விரல் இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. அப்புறம் அவளே, "அப்போ 'மான்'ல வர்றது எது? 'பந்து'ல?" என்று ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குக் கணக்குப் பாடம் நடக்கவில்லை.

பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆள் தருகிறார்கள், ஆகவே எழுத்துப்பிழை பற்றிக் கவலை எதற்கு என்று சக ஆசிரியர்களே சொல்கிறார்கள். எனக்கு இதில் கோபம்தான் வரும். எழுதுபவர் போடுவது அவருடைய ர, ற. பிள்ளையுடையது அல்ல.

மிஷினின் கதை கொஞ்சம். அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருக்கும் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் கைத்தொழில் சொல்லிக்கொடுத்த டேவிட் ஆபிரகாம் உருவாக்கியது. மாதிரி தயாரான நேரத்தில் உலகப்போர் வந்துவிட்டது. விற்பனைக்கு வந்தது 1951இல். நம் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் வந்ததும் அதே வருஷம்தான். எனக்குப் பிடித்த விஷயம் வேறு: எங்களுக்குப் பக்கத்தில், காட்பாடியில், வொர்த் டிரஸ்ட் பட்டறையில் இந்த பெர்கின்ஸ் மிஷினைச் செய்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்காகவே உள்ள தொழிற்கூடம் அது. அடிப்படை அமைப்பு எழுபது வருஷத்துக்கு மேலாக அப்படியே இருக்கிறது.

இனி குறைகள். சத்தம். ஒவ்வொரு அமுக்குக்கும் 'டக்' என்று இரும்பு பேசும். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தால் எங்களை வராண்டாவுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்போது வேப்பமரத்தடி எங்களுக்கு நிரந்தரமாகிவிட்டது. அடுத்து, அழிக்க முடியாது. ஒரு கட்டம் பின்னால் வந்து ஆறு புள்ளியையும் சேர்த்து அடித்தால் 'இதை விட்டுவிடு' என்று அர்த்தம். இல்லையென்றால் நகத்தால் தேய்த்துப் புள்ளியைப் படுக்க வைக்க வேண்டும். அது எப்படித் தேய்த்தாலும் விரலுக்கு லேசாக முண்டும். விலையும் ஏழை வீட்டுக்கு எட்டாது. லேப்டாப் வாங்குகிற காசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாளும் கெட்டியாக இருக்க வேண்டும். சாதாரண நோட்டுத் தாளில் புள்ளி இரண்டே தடவலில் அமுங்கிவிடும். நான் பயிற்சிக்கு நகைக்கடை, ஜவுளிக்கடை மாத காலண்டர்களைச் சேர்த்து வைக்கிறேன். லட்சுமி படத்தின் முதுகில் அ, ஆ நன்றாகவே எழும்புகிறது. தை மாதம் வந்தால் தெருவில் எல்லோரும் பழைய காலண்டரை எனக்கென்று எடுத்து வைக்கிறார்கள்.

ஒருமுறை எழுதும் தலை நகராமல் பாதி வரியில் நின்றுவிட்டது. தப்பு என்னுடையது. மூடி போடாமல் சாப்பிடப் போயிருந்தேன். கவிழ்த்துத் தட்டியதில் மூன்று பொரி விழுந்தது, ஓடத் தொடங்கிவிட்டது.

பழையது வாங்குகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ஒரு வரி முழுக்க ஆறு புள்ளியையும் சேர்த்து அடித்துவிட்டு, கண்ணை மூடி விரலை ஓட்டுங்கள். எங்காவது பள்ளம் மாதிரி தட்டுப்பட்டால் பேரத்தை நிறுத்துங்கள். தாளைச் சுற்றி ஏற்றியதும் வரி இறக்கும் கட்டையை ஒருமுறை அமுக்க மறக்காதீர்கள். அமுக்கினால்தான் தாள் சரியான இடத்தில் நிற்கும். அதை மறந்துவிட்டு மிஷின் ரிப்பேர் என்று எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. ஸ்லேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புத்தகப்பையில் வைத்து எடுத்துப் போக அதுதான். ஆனால் முதல் எழுத்து இந்த மிஷினில் தொடங்கட்டும்.

என்னுடையதை இரவல் கேட்காதீர்கள். காலாண்டு லீவுக்கு அந்தச் சிறுமி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அவள் அப்பா டிவிஎஸ் வண்டியில் முன்னால் அரிசி மூட்டை வைக்கிற இடத்தில் வைத்து, துண்டால் கட்டி எடுத்துப் போனார். "இவ்வளவு கனமா மிஸ்?" என்றார். ஆமாங்க என்றேன்.