"எங்களுக்குக் கட்சி இல்லை" என்றார்கள், நம்பி 96 யூரோ கட்டினேன்

கடைசிப் பதில் நேற்று ராத்திரிதான் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் ஏமாறக் கூடாது. பெயர் சொல்லவில்லை. மறையாக்கம் செய்த ஈமெயில் தருகிறோம், உங்கள் கடிதத்தை எங்களாலேயே படிக்க முடியாது என்று சொல்லும் சேவைகளில் ஒன்று.

வேலையிடத்து முறைகேடுகளைப் பற்றி என்னிடம் ரகசியமாகப் பேசுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்காகவே ஐந்து மாதம் முன்னால் இதில் சேர்ந்தேன். எந்தக் கட்சியையும் சாராதவர்கள் என்று தளத்திலேயே எழுதியிருந்தது. இருந்தாலும், ஆட்சிக்கு யார் வந்தாலும் இது மாறாதா என்று கேட்டு எழுதினேன். இருபதே நிமிடத்தில் பதில்: "எங்களுக்குக் கட்சி இல்லை, பயனர்கள்தான் உண்டு." அந்த ஒரு வரியில் விழுந்தேன். 2013இல் அமெரிக்க அரசு மறையாக்கத்தைத் திறக்கும் சாவியைக் கேட்டு நெருக்கிய விவகாரத்தில் லவாபிட் நிறுவனர் லடார் லெவிசன் தன் ஈமெயில் சேவையையே மூடினாரே, இவர்களும் அந்த ரகம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே இரண்டு வருடச் சந்தா, 96 யூரோ, மொத்தமாகக் கட்டினேன்.

போன மாதம் அவர்கள் நாட்டில் தேர்தல். அதற்குப் பத்து நாள் முன்னால் என் இன்பாக்ஸில் ஒரு கடிதம். உங்கள் அந்தரங்கத்தைக் காக்க இந்தக் கட்சியால்தான் முடியும், ஆதரியுங்கள் என்று நிறுவனத் தலைவரே எழுதியிருக்கிறார். எதிரணிக்கு ஆதரவு கேட்டிருந்தாலும் எனக்கு இதே கோபம்தான் வந்திருக்கும்.

மறையாக்கம் இருக்கும்போது அவர்கள் அரசியல் உனக்கு எதற்கு என்றார் ஒரு நண்பர். சரி, யோசித்துப் பாருங்கள். ஓப்பன்பிஜிபி என்ற மறையாக்க முறையில் மெயிலின் உள்ளடக்கம்தான் பூட்டப்படுகிறது. யார், யாருக்கு, எப்போது எழுதினார் என்பது சர்வருக்குத் தெரியும். பெரும்பாலும் தலைப்பு வரியும் தெரியும். சாதாரண ஈமெயிலில் இருந்து வரும் கடிதம் படிக்கக்கூடிய நிலையில்தான் அவர்களிடம் போய்ச் சேருகிறது, பூட்டுவது அதற்குப் பிறகு. பிரவுசரில் திறக்கும்போது அந்தப் பூட்டும் நிரலே அவர்கள் சர்வரிலிருந்துதான் வருகிறது. எனக்குத் தகவல் தருகிறவர் யார் என்பது, என்றைக்காவது அந்தக் கட்சிக்குத் தேவைப்பட்டால்?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இருபது நிமிடத்தில் பதில் தந்தவர்களுக்கு இந்த முறை ஒன்பது நாள் ஆனது. "உங்கள் கருத்துக்கு நன்றி." மறுபடி எழுதினேன். அது தலைவரின் தனிப்பட்ட கருத்தாம். தனிப்பட்ட கருத்து நிறுவனத்தின் முகவரியிலிருந்து எல்லாப் பயனர்களுக்கும் எப்படிப் போனது? அதற்குப் பதிலே இல்லை, என் புகாருக்கான டிக்கெட்டை மூடிவிட்டார்கள். புது டிக்கெட் போட்டேன். 30 நாள் தாண்டினால் ரீஃபண்ட் கிடையாது என்று ஒரு விதியை ஒட்டி அனுப்பினார்கள். ஐந்தாம் மாதத்தில் வாக்கை மீறியவர்கள் முதல் 30 நாளைக் காட்டுகிறார்கள்! மீதி 19 மாதத்துக்காவது கொடுங்கள் என்றேன். நேற்று வந்தது அதற்கான மறுப்புதான், ஒரே வரியில். 96 யூரோ போனது போனதுதான்.

இதில் சேரப் போகிறவர்கள் முதலில் மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள். சொந்த டொமைனில், அதாவது @ குறிக்குப் பின்னால் உங்களுக்கே சொந்தமான பெயர் வரும்படி, முகவரி வைத்துக்கொள்ளுங்கள், நான் அவர்கள் டொமைனில் வைத்துத்தான் மாட்டிக்கொண்டேன். மெயில்களை அவ்வப்போது இறக்கி வையுங்கள். நிறுவனத் தலைவர் பொதுவெளியில் என்ன பேசுகிறார் என்றும் ஒரு தடவை பாருங்கள்.

இன்னும் எழுத நேரமில்லை. என்னிடம் பேசுகிறவர்களுக்குப் புது முகவரியை ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எழுதுவது நீங்கள்தான் என்று எப்படி நம்புவது என்று ஒருவர் திருப்பிக் கேட்டிருக்கிறார்.