பஞ்சா, பனம்பலகையா?

குடிபூரலுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கப் பெயர் பொறித்த சிறு பரிசு வேண்டுமென்றால், அழுத்திய செல்லுலோஸ் பஞ்சு (மரக்கூழில் செய்த, கோப்பை கழுவுகிற பஞ்சு) நல்லது. காய்ந்திருக்கும்போது மட்டை போலத் தட்டையாக இருக்கும். பெயர் பொறிக்கும் லேசர் இயந்திரத்தைக் குறைந்த வலுவில் ஓட்டினால் எழுத்து மண்ணிறமாகப் பதியும், கூட்டினால் ஓட்டைதான். தண்ணீரில் போட்டதும் பெரும்பாலும் தடிப்பில்தான் ஊதும், அதனால் பெயர் அவ்வளவாகக் கோணாது. பிள்ளைகள் அந்த வேடிக்கைக்காகவே இன்னொன்று கேட்பார்கள். கோப்பை கழுவித் தேய்ந்துபோகும், சரி. மாரிகாலத்தில் ஈரம் படாமல் பொலித்தீனில் வையுங்கள். செல்லுலோஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள். பீவீசி என்ற பிளாஸ்டிக் கலந்த பொருளில் லேசர் பட்டால் நச்சுப்புகை வரும்.

பனம்பலகைச் சாவிக்கொத்து நிலைத்து நிற்கும். ஆனால் கறுப்பு நாரில் எழுத்து தெரியாது. இடையிலுள்ள மென்மையான பகுதியோ ஆழமாகக் கரியும். பெரிய எழுத்துக்கே அது சரிவரும். வெளிநாட்டிலிருந்து வந்துபோகிற சொந்தத்துக்கு அதைக் கொடுக்கலாம், அயலட்டைக்குப் பஞ்சு போதும்.