செவலையின் ரெயின்கோட்: ஒரு மழைக்காலம் முழுக்க மலையில் போட்டுப் பார்த்த பிறகு

என் நாய் செவலைக்கு 9 வயது, 19 கிலோ. உடம்போடு ஒட்டிய குட்டை முடி. அதற்கடியில் பஞ்சுபோன்ற உள்முடி கிடையாது. போன மழைக்காலத்தில் ஒருநாள், மலைமேல் ஒரு பாறையடியில் மழை விடட்டும் என்று 20 நிமிஷம் நின்றோம். நின்ற கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பின்தொடை நடுங்க ஆரம்பித்தது. என் ஜாக்கெட்டுக்குள் இழுத்து அணைத்துக்கொண்டும் நிற்கவில்லை. அந்த வாரமே இந்த ரெயின்கோட்டை வாங்கினேன். இதுவரை 11 நடை போயிருக்கிறோம்.

முதுகோடு நெஞ்சையும் வயிற்றையும் மூடுகிற ரகம் இது. வெளியே ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாத நெசவு) நைலான், உள்பக்கம் தண்ணீர் புகாத பாலியூரித்தேன் பூச்சு. கழுத்தில் வெல்க்ரோ, இடுப்பில் இரண்டு பக்கிள். ஹார்னஸ் (நெஞ்சுவார்) வளையத்தை வெளியே எடுக்க முதுகில் சின்ன ஜிப்.

முதுகைப் பற்றிக் குறையே இல்லை. மூன்று மணி நேரம் விடாமல் பெய்த நாளிலும் உள்ளே கை விட்டால் முதுகு காய்ந்தே இருந்தது. ஆனால் மலைப்பாதையில் நாய் மேலிருந்து மட்டுமா நனைகிறது? புல்லும் புதரும் கீழிருந்து அடிக்கின்றன, நடுவில் ஓடை குறுக்கிடுகிறது. இரண்டாவது நடையில் ஓர் ஓடையைத் தாண்டினோம். முன்கால் பக்கத்து இடைவெளி வழியாக ஏறிய தண்ணீர், வயிற்று மடிப்பில் பைபோலத் தொங்கியது. செவலை நின்று உடம்பை உதறினாள். கோட்தான் ஒரு பக்கமாகச் சுழன்றது, தண்ணீர் அங்கேயே நின்றது. தோலைச் சுழற்றி உதறி ஈரத்தை விரட்டுவதுதான் நாயின் சொந்த ஏற்பாடு. கோட் இறுக்கிப் பிடித்திருந்தால் அது பலிப்பதில்லை. பக்கிள்களைக் கழற்றி விட்டேன். மூன்று உதறலில் பாதி ஈரம் போய்விட்டது. அதிலிருந்து ஓடை தாண்டும் ஒவ்வொரு முறையும் முதலில் பக்கிளைத்தான் கழற்றுகிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஏறும்போது போட்டுவிடாதீர்கள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். இந்தத் துணியோ உள்சூட்டை வெளியே விடுவதே இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் கால் மணி நேரத்திலேயே செவலையின் நாக்கு நீண்டு தொங்கியது. கோட்டுக்குள் கை விட்டால் புழுக்கம். ஏற்றத்தில் அவள் உடம்பே அவளுக்குப் போதும். உச்சியில் காற்று அடிக்கும்போதும், சாப்பிட உட்காரும்போதும், இறங்கும்போதும்தான் போடுகிறேன். அந்தப் பாறையடிக்கே திரும்பப் போய் அரை மணி நேரம் இருந்தோம். நடுங்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே வாங்கினது தகும்.

நடுக்கத்தைப் பற்றி இன்னொன்று. நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். குளிர் ஏறினால் முதலில் நடுங்கும். அப்புறம் நடுக்கம் நின்று, சோர்ந்து, தடுமாறி நடந்தால் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் எந்தக் கோட்டும் காப்பாற்றாது. துடைத்து, காய்ந்த துணியில் சுற்றி, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

அளவு விஷயத்தில் கொஞ்சம் அலைந்தேன். அட்டவணை எடையை மட்டுமே கேட்கிறது. அதை நம்பி வாங்கிய முதல் கோட், நாலு மணி நேர நடையில் முன்கால் இடுக்கை உரசிச் சிவக்க வைத்துவிட்டது. விற்றவர்கள் மறுபேச்சில்லாமல் ஓர் அளவு பெரியதாக மாற்றிக் கொடுத்தார்கள். நாயை நிற்க வைத்து, முன்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை எடுங்கள். கோட் வந்ததும் வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் போட்டுவிட்டு, அந்த இடுக்கைத் தடவிப் பாருங்கள்.

நிறம் பளீர் ஆரஞ்சு. செம்மண் பாதையில் செம்மண் நிற நாயை மூடுபனிக்குள் தேடிய எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லித் தெரிய வேண்டாம். காலைத் தூக்க வைக்காமல் மாட்ட முடிவதும், குளிரில் விறைத்த விரலுக்கும் பக்கிள் 'டக்'கென்று விழுவதும் பிடித்திருக்கிறது.

ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு இது தடையே இல்லை. கால்விரல் இடுக்கு, காது, மூக்கு என்று அது தேடிப் போகும் இடங்கள் எல்லாம் கோட்டுக்கு வெளியேதான். பிடித்து இழுக்காமல், நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் விட்டுவிடும். தேங்கிய தண்ணீரையும் குடிக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் நீர்விலக்குப் பூச்சு கெட்டுவிடும். நான் சேர்க்கவில்லை. இருந்தும் ஹார்னஸ் உரசுகிற தோள்பட்டையில் இப்போது தண்ணீர் முத்தாக நிற்காமல் துணியில் ஊறுகிறது. நீர்விலக்கி ஸ்பிரே அடித்து வைத்திருக்கிறேன்.

அடர்ந்த உள்முடி உள்ள, வயசு குறைந்த நாயாக இருந்தால் இது தேவைப்படாது. குட்டை முடி, ஒல்லி உடம்பு, வயசானது என்றால் வாங்கலாம். வாங்கினதும் வயிற்று மடிப்பின் தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிய இரண்டு ஐலெட் (உலோக வளையம் வைத்த துளை) அடித்துக்கொள்ளுங்கள். செவலையின் கோட்டில் அடித்த பிறகு, ஓடையிலிருந்து ஏறி நாலு எட்டு வைப்பதற்குள் தண்ணீர் ஒழுகிவிடுகிறது.