180 ரூபாய் நோட்ஸ்: முதல் பாதி அருமை, அப்புறம் அவசரம்

டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் என் பிஜிக்குக் கீழேயே ஒரு ஜெராக்ஸ் கடை, அங்கே ஸ்பைரல் போட்டு விற்கும் அமெரிக்க வரலாறு நோட்ஸை யுபிஎஸ்சி மெயின்ஸுக்காக 180 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முதல் பாதி அருமை. 1607இல் ஆங்கிலேயர் குடியேறிய ஜேம்ஸ்டவுன், 1619இல் வர்ஜீனியாவில் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் என்று நிதானமாகத் தொடங்குகிறது. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டிய 342 பெட்டித் தேயிலையும் நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குதான் என்று படித்ததும், தூங்கிக்கொண்டிருந்த ரூம்மேட்டை எழுப்பிச் சொன்னேன், திட்டு வாங்கினேன். 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான் 1792இல் திப்புவைப் பணியவைத்தவர் (சென்னைக் கோட்டை மியூசியத்தில் சிலையாக நிற்கிறாரே, அவரேதான்), அதற்கும் தனியாகக் கட்டம் போட்டிருக்கிறார்கள்.

உள்நாட்டுப் போர் முடிந்ததும் எழுதியவருக்கு என்ன அவசரமோ. அடிமைமுறையை ஒழித்த 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம், குடியுரிமை தந்த 14, வாக்குரிமைக்கான 15, மூன்றும் ஒரே வரியில், அதிலும் 15ஆம் திருத்தத்தின் வருடமான 1870 என்பது 1807 என்று அச்சாகியிருக்கிறது. 1876 அதிபர் தேர்தல் இழுபறியில் நடந்த பேரம், அதற்கு அடுத்த வருடம் தெற்கு மாநிலங்களிலிருந்து மத்திய அரசு படையை விலக்கிக்கொண்டது, எதைப் பற்றியும் மூச்சே இல்லை. நான் வாங்கியதே அதற்காகத்தான்!

போதாக்குறைக்கு 46ஆம் பக்கம் தலைகீழ். மாற்றித் தரச் சொன்னால், "திருப்பிப் பிடித்துப் படிங்க பையா" என்கிறார் கடைக்காரர். சரி, போர் வரைக்கும் போதும் என்பவர்கள் வாங்கலாம்.