டைஎத்தில் ஈதர் 500 மி.லி. பாட்டில்: மதுரை வெயிலுக்குத் தாங்குமா?

லேப் கரைப்பானான ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் மதுரை மதியம் 40 டிகிரியைத் தொடும். ஏசி இல்லாத ஸ்டாக் ரூமில் மூடியைத் திருகும்போதே உஸ்ஸென்று ஆவி சீறும். திறக்கும் முன் அரை மணி நேரம் ஐஸ் தண்ணீரில் வைத்தால்தான் சரிப்படும். இந்த ஊர்க் கல்லூரி லேப்களுக்கு 500 மி.லி. வாங்கலாம். 2.5 லிட்டர் வேண்டவே வேண்டாம்.

காரணம் பெராக்சைடு என்ற வெடிக்கும் பொருள். சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பிரித்தெடுக்கும் கண்ணாடிக் கருவி) வேப்பங்கொட்டை எண்ணெய் எடுக்க ஒரு தடவைக்கு 150 மி.லி. போதும். பெரிய பாட்டில் செமஸ்டர் முழுக்கத் திறந்து மூடப்படும். ஒவ்வொரு முறையும் காற்று புகும். வெளிச்சமும் பட்டால் பெராக்சைடு உண்டாகும். அது ஈதரைப்போல் ஆவியாகாது. நம் வெயிலில் ஈதர் குறையக் குறைய அடியில் செறிந்துகொண்டே போகும். கடைசி 100 மி.லி.தான் ஆபத்து. அதை வற்றக் காய்ச்சினால் வெடிக்கும்.

பழுப்புக் கண்ணாடி, இறுக்கமான உள்மூடி, லேபிளில் பேட்ச் எண் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பி.எச்.டி. (BHT, பெராக்சைடு உண்டாகாமல் தடுக்கும் பொருள்) சேர்த்ததையே கேளுங்கள். 7 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 7 பங்கு) சேர்த்த பாட்டில் முழுதும் ஆவியானால் எண்ணெயோடு தங்குவது சுமார் 2.5 மில்லிகிராம்தான், எடை பார்க்கும் வேலைக்கு அது பொருட்டல்ல. ஆனால் காய்ச்சி வடித்த ஈதரில் பி.எச்.டி. வராது, காவலும் இருக்காது. அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

சோதனை எளிது. 1 மி.லி. ஈதர், 1 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம், புதிதாகக் கரைத்த 5% பொட்டாசியம் அயோடைடு சில சொட்டு. ஈதர் இல்லாமல் இன்னொரு குழாயும் வைத்து ஒப்பிடுங்கள். மஞ்சள் தட்டினால் பெராக்சைடு இருக்கிறது. பழுப்பானால் அந்தப் பாட்டிலைக் காய்ச்சி வடிக்கவே கூடாது. மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் தெரிந்தால் சோதனைகூட வேண்டாம். திருகாமல், நகர்த்தாமல் ஆளை வெளியேற்றுங்கள். திறந்த தேதியை லேபிளில் எழுதி, ஆறு மாதத்துக்குமேல் வைக்காதீர்கள்.

வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது தவறு, தெர்மோஸ்டாட் பொறி ஒன்றே போதும். ஆவி காற்றைவிட 2.6 மடங்கு கனம், மேசையோடு ஊர்ந்து அடுத்த வரிசை பன்சன் பர்னர் தீயை எட்டும். ஹாட் பிளேட்டும் வேண்டாம். 160 டிகிரிச் சூட்டில் தீப்பொறியே இல்லாமல் பற்றும். சுடுதண்ணீர்த் தொட்டிதான் சரி.

ஈதர்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் எம்.டி.பி.இ. (மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதர் என்ற வேறொரு கரைப்பான்) வாங்குங்கள். கொதிநிலை 55 டிகிரி, பெராக்சைடும் மிகக் குறைவு.